அழுத கண்ணும் திறவாத கதவும்

கலை கலைக்காகவா, வாழ்க்கைக்காகவா என்னும் வழக்கு நம் இலக்கிய உலகில் நெடுங்காலம் நடந்து ஓய்ந்துவிட்டது. கலை வாழ்க்கைக்கே என்று தீர்ப்பெழுதிவிட்டு முற்போக்காளராகிய நாம் மன்றத்தை விட்டு எழுந்துவிட்டோம். ஆயின், அதற்கு அடுத்ததாக எழும் வினாவை நாம் போதிய அளவு ஆராய்ந்தோமா? கலை வாழ்க்கையை மாற்றும் என்றால், எவ்வாறு மாற்றும்? ஒரு பாட்டைக் கேட்டு ஒருவன் உருகினான். ஒரு நாடகத்தைப் பார்த்து ஒருத்தி கண்ணீர் விட்டாள். அவ்வுருக்கத்துக்கும் மறுநாள் காலை தெருவிலே நடக்கும் நடப்புக்கும் இடையில் உள்ள தொடர்பு யாது? தொடர்பு உண்டு என்று மேடையிலே முழங்குவது எளிது. அதனைக் காட்டுவது எளிதன்று.

ரூசோ என்னும் அறிஞர் 1758இல் நாடக அரங்குகளைக் கண்டித்து நீண்டதொரு கடிதம் எழுதினார். அவருடைய குற்றச்சாட்டுகளுள் ஒன்று இன்றும் நம்மை உறுத்தவல்லது. அரங்கிலே கற்பனைத் துயரத்துக்காகக் கண்ணீர் சிந்துபவன், மனித குலத்துக்குத் தான் செலுத்த வேண்டிய கடன் அத்துடன் தீர்ந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறான். வெளியே வந்தபின் உண்மையான துயரத்துக்கு ஈவதற்கு அவனிடம் ஒன்றும் எஞ்சியிருப்பதில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். இதற்கு எதிராக, பிரெஞ்சுப் புரட்சியின் இரத்தக் களரியைக் கண்டு கலங்கிய ஜெர்மானியக் கவிஞர் சில்லர், 1795இல் வெளியிட்ட கடிதங்களில், அழகின் வழியாகவே மனிதன் விடுதலைக்குச் செல்லமுடியும் என்று வாதிட்டார். இவ்விருவருள் யார் பக்கம் உண்மை இருக்கிறது என்பதை ஐரோப்பிய உதாரணங்களைக் கொண்டு தீர்க்க வேண்டியதில்லை. நம் வீட்டுச் சான்றுகளே போதும்.

கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம் 1860களின் தொடக்கத்தில் அச்சேறியது. பெரியபுராணத்திலே திருநாளைப்போவார் கதை சுருக்கமானது; அங்கே நிலவுடைமையாளர் இல்லை. பாரதியார்தாம் வேதியராகிய பண்ணையாரைப் படைத்தார். நாற்பது வேலி நிலத்தை விளைவித்துவிட்டுச் சிதம்பரம் போ என்று பண்ணையார் ஆணையிடும் காட்சியையும் படைத்தார். தஞ்சை மண்ணிலே ஆண்டையும் அடிமையும் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதைக் கண்ணால் கண்ட ஒருவரின் படைப்பு அது. அந்த அளவிலே அது துணிவான செயல் என்பதில் ஐயமில்லை. கதாகாலட்சேபங்களிலே அது பாடப்பட்டது; கச்சேரி மேடைகளிலே பாடப்பட்டது; 1935இல் கே. பி. சுந்தராம்பாளும் 1942இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாராகத் திரையிலே தோன்றினர். உயர்சாதிச் சபைகள் அக்கதையைக் கேட்டுத் தலைமுறை தலைமுறையாக அழுதன. ஆனால், மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கதவு ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் திறந்தது 1939 யூலை 8ஆம் நாள்தான். அதுவும் கண்ணீரால் திறக்கவில்லை. போராட்டத்தாலும் ஆலயப் பிரவேச இயக்கத்தாலும் திறந்தது. ஏறத்தாழ எண்பது ஆண்டுக் கண்ணீர் என்ன செய்தது?

ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்பவன் அவசரக்காரன். ஆயினும், அது செய்ய இயலாததை அதன் அமைப்பிலேயே காணலாம். நந்தன் தீயிலே மூழ்கி, பழைய உடலை நீத்து, பூணூல் அணிந்த முனிவனாக எழுந்த பின்பே தில்லையினுள் புகுகிறான். பின் சோதியிலே கலந்துவிடுகிறான். கதவு ஒருவனுக்குத் திறந்து, அவன் சென்றதும் மூடிக்கொள்கிறது. அவன் திரும்பி வந்து தன் சேரிக்கு வழிகாட்டப் போவதில்லை. பார்வையாளனுக்கு இதைவிட வசதியான முடிவு வேறென்ன வேண்டும்? துன்பம் தீர்ந்தது, பண்ணையார் காலில் விழுந்தார், இறைவன் நீதி வழங்கினான். கணக்கிலே பாக்கி எதுவுமில்லை. பாக்கி இல்லாத இடத்திலே கடன் இல்லை. ரூசோ சொன்னதற்கு இதைவிடப் பொருத்தமான சான்று அவருக்கே கிடைத்திருக்காது.

யாழ்ப்பாணத்துச் சரித்திரம் இன்னும் கசப்பானது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்குப் பதினோராண்டுகளுக்குப் பின்னர், 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாசலிலே ஒடுக்கப்பட்ட மக்கள் வழிபடும் உரிமை கேட்டு நின்றபோது, அவர்களை மறித்து நின்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர் சி. சுந்தரலிங்கம். அவர் பாமரர் அல்லர். கணிதப் பேராசிரியராக இருந்தவர். சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் அங்கம் வகித்தவர். கல்வியும் கலாசாரப் பயிற்சியும் மனிதனைத் தாமாகவே பண்படுத்திவிடும் என்று நம்மிடையே உலவும் நம்பிக்கைக்கு மாவிட்டபுர வாசல் ஒரு பதில். அங்கே நின்று மறித்தவர்களுட் பலர் தேவாரத்தைப் பண்ணோடு பாட வல்லவர்கள்.

இனி, மறுபக்கத்தை நோக்குவோம். அப்போராட்டத்தின் சூட்டிலே பிறந்ததுதான் என். கே. ரகுநாதன் எழுதி, அம்பலத்தாடிகள் குழுவினர் கூத்து வடிவிலே மேடையேற்றிய ‘கந்தன் கருணை’. கந்தன் ஒடுக்கப்பட்டவர் பக்கம் நிற்கிறான். கோயிலை ஆள்வோர் எவன் பெயரால் கதவை அடைத்தனரோ, அவனே அவர்களுக்கு எதிராக நிற்கிறான் என்னும்போது ஏற்படும் நகைப்பும் எக்களிப்பும் நந்தனார் கதை தரும் உருக்கத்தினின்றும் முற்றிலும் வேறுபட்டவை. யாருடைய அரங்கு, யார் பார்வையாளர் என்பதும் இங்கே மனங்கொள்ளத்தக்கது. நந்தன் கதையை உள்ளே இருந்தவர்கள் வெளியே நிற்பவனை எண்ணிக் கேட்டனர். கந்தன் கருணையை வெளியே நின்றவர்களே தங்கள் முன்றில்களிலே கண்டனர். தங்கள் கூத்து மரபின் ஆட்டத்தையும் மெட்டையும் தங்கள் உடைமை என்று அடையாளம் கண்டனர்.

ரகுநாதனின் ‘நிலவிலே பேசுவோம்’ என்னும் சிறுகதையையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும். முற்போக்குப் பேசும் உயர்சாதிப் பிரமுகர் ஒருவரைக் காண ஒடுக்கப்பட்ட சாதியினர் வருகின்றனர். வீட்டினுள் அழைத்து அமரச் செய்ய மனமில்லாத அவர், வெளியே நிலவிலே உலாவிக்கொண்டே பேசுவோம் என்று அழைத்துச் செல்கிறார். அவ்வளவுதான் கதை. அழுவதற்கு அதில் இடமே இல்லை. ஆனால், அதை வாசிக்கும் முற்போக்காளன் தன் வீட்டுத் திண்ணையை ஒருமுறை திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியாது. அவமானம் இடம் மாறுகிறது. வந்தவர்களை விட்டு நீங்கி, வீட்டுக்காரரிடம் போய்ச் சேர்கிறது.

இந்த இடமாற்றமே இக்கட்டுரையின் மையம். இதைச் சொல்வதற்குப் பிறமொழிக் கலைச்சொல் எதுவும் தேவையில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களங்களை நந்நான்காக வகுத்தார். அவற்றுள் மூன்றைத் தெரிந்து நோக்குவோம். இளிவரல் என்பது முதுமை, நோய், வருத்தம், எளிமை ஆகியவற்றால் ஒருவன் தன்னைத் தாழ்வாக உணர்வது. வெகுளி பிறப்பதற்கு அவர் காட்டும் காரணங்களோ உறுப்பை அறுத்தல், குடிமக்களை நலிதல், அலைத்தல், கொல்லுதல். பெருமிதம் கல்வி, தறுகண்மை, புகழ், கொடை என்பவற்றால் வருவது. இப்பட்டியலை இலக்கண மாணவர் தேர்வுக்காக மனனம் செய்கின்றனர். சற்று நின்று நோக்கினால், வெகுளிக்குத் தொல்காப்பியர் கூறும் நான்கும் ஒருவன் மற்றொருவனுக்கு இழைக்கும் கொடுமைகளே என்பது புலப்படும். இளிவரலோ தனக்குத் தானே நேர்ந்தது போல் தோன்றும் தாழ்வு. ஒடுக்கப்பட்டவன் தன் நிலையை இளிவரலாகவே உணரும் வரை ஆதிக்கத்துக்கு ஆபத்தில்லை. ‘நான் எளியவன்’ என்பது இளிவரல். ‘நான் எளியவனாக்கப்பட்டேன்’ என்பது வெகுளி. முன்னதிலிருந்து பின்னதற்குச் செல்லும் வழியைத் துண்டுப்பிரசுரம் அறிவுக்குச் சொல்லும். அதனை உடம்பிலும் குரலிலும் நிகழ்த்திக் காட்டுவது கலை. அழகனுபவத்தால் சமுதாயம் அசையும் என்றால், இந்த ஒரு வாசலின் வழியாகவே அசையும் என்பது என் துணிபு.

எங்கள் அயலூராகிய பாண்டிருப்பிலே திரௌபதையம்மன் கோயில் விழா ஆண்டுதோறும் பதினெட்டு நாள் நடைபெறும். பாண்டவர் கதை அங்கே வாழப்படுகிறது, வனவாசம் நிகழ்கிறது, தீமிதிப்புடன் விழா நிறைவுறுகிறது. சபையிலே இழிவுபடுத்தப்பட்ட பெண்ணின் வெகுளி அவ்விழாவின் உயிர். ஆயினும், வெகுளி தீயிலே இறங்கிக் குளிர்ந்துவிடுகிறது. சடங்கின் வட்டம் முழுமையாகிவிடுகிறது. இதே கதையைப் பாரதியார் எடுத்தார். பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் 1912இல் வெளிவந்தது. அவர் போரைப் பாடவில்லை, வெற்றியைப் பாடவில்லை, கூந்தல் முடிந்ததைப் பாடவில்லை, சபதத்தோடு நிறுத்திவிட்டார். எஞ்சியதை நிறைவேற்ற வேண்டிய பொறுப்பு நூலுக்கு வெளியே, அடிமை நாட்டு வாசகனின் தலையிலே விழுந்தது. நந்தன் சோதியிலே கலந்ததையும் பாஞ்சாலி விரித்த கூந்தலோடு நிற்பதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று கடனைத் தீர்த்து வைக்கிறது. மற்றொன்று கடனை ஏற்றிவிடுகிறது.

பொருள் முற்போக்கானதா என்று மட்டும் கேட்டுக் கலைக்குச் சான்றிதழ் வழங்கும் நம்மவர் பழக்கம் இதனாலேயே போதாதது. நல்ல கருத்தைச் சொல்லி, நல்லவன் வென்று, தொழிலாளர் செங்கொடியுடன் ஊர்வலம் போவதாக முடிந்த நாடகங்கள் எத்தனை! பார்த்தவர்கள் கைதட்டிவிட்டு வீடு சென்றனர். புரட்சி மேடையிலேயே முடிந்துவிட்டபடியால் வெளியே அதற்கு வேலை இருக்கவில்லை.

மட்டக்களப்புக் கூத்தின் வரலாறு நமக்கு வேறொரு பாடத்தைத் தருகிறது. வட்டக்களரியிலே விடியவிடிய ஆடப்பட்ட வடமோடி, தென்மோடிக் கூத்துகளைப் படித்தவர்கள் பாமரர் பொழுதுபோக்கென்று ஒதுக்கியிருந்த காலத்தில், பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவற்றைப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டு சென்றார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் பட்டதாரி மாணவருக்கு ஆட்டம் பழக்கினார். 1962இல் ‘கர்ணன் போர்’ மேடையேறியது. பின்னர் ‘இராவணேசன்’ வந்தது. கிராமத்து மத்தளகாரரின் முன் பல்கலைக்கழக மாணவன் மாணவனாகவே நின்றான் என்பது சிறிய மாற்றமன்று. அண்ணாவியாருக்கு அது பெருமிதம். ஆனால், இரவு முழுதும் ஆடியது ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கிற்று. நாற்புறமும் மக்கள் சூழ்ந்திருந்த களரி ஒருபுறம் மட்டும் திறந்த மேடையாயிற்று. கூத்து உயர்ந்தது, கூத்தாடிய ஊர் உயர்ந்ததா என்று கேட்டால், விடை மெதுவாகவே வரும். அம்மாணவருள் ஒருவராகிய சி. மௌனகுரு 1969இல் ‘சங்காரம்’ எழுதியபோது, அரக்கரை அழிக்கும் பழைய கூத்தின் வலிமையைச் சாதி, வர்க்கம் முதலிய அரக்கருக்கு எதிராகத் திருப்பினார். வடிவத்தைக் காப்பாற்றியதற்கு அப்போதுதான் பொருள் கிடைத்தது என்று நான் கருதுகிறேன்.

வித்தியானந்தனுக்கு முன்மாதிரியாக நின்ற சரச்சந்திராவின் ‘மனமே’ 1956 நவம்பரில் அரங்கேறியது. அதன் வடிவத்துக்கு ஆதாரமான ‘நாடகம’ மரபு தமிழ்க் கூத்திலிருந்து சிங்களக் கரைக்குச் சென்றது. சரச்சந்திராவே இதனை ஆராய்ந்து எழுதியவர். கொழும்பு ரசிகர் அந்த இசையிலே மெய்ம்மறந்த அதே ஆண்டில்தான் தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு யூனில் நம் மாவட்டத்தின் கல்லோயாப் பள்ளத்தாக்கிலே தமிழர் வெட்டுண்டனர். அண்டை இனத்தின் கலையைச் சுவைத்தால் அண்டை இனத்தின் மேல் அன்பு பிறக்கும் என்பது அழகான கருதுகோள். 1956 அதனை ஆதரிக்கவில்லை.

எங்கள் கரைக்கு வருகிறேன். பெரியநீலாவணையிலே 1931இல் பிறந்த ஆசிரியர் கே. சின்னத்துரை, ஊரின் பெயரையே தம் பெயராக்கி நீலாவணன் ஆனார். தெற்கே அடுத்த ஊர் நெசவாளர் ஊராகிய மருதமுனை. அதற்கப்பால் பாண்டிருப்பு, கல்முனை. தமிழரும் முஸ்லிம்களும் மாறி மாறி அமைந்த இந்த வீதியிலே, கவிதை என்ற ஒன்றை முன்னிட்டு இளைஞர்களை அவர் ஒன்றுகூட்டினார். எம். ஏ. நுஃமான் போன்றோர் அந்தச் சூழலிலேயே வளர்ந்தனர். எந்த அணியின் கொள்கைப் பாட்டாளராகவும் நீலாவணனை எண்ண இயலாது. ஆனால், மட்டக்களப்பு உழவனின் பேச்சைக் காவியத்தின் மொழியாக்கிய அவருடைய ‘வேளாண்மை’, உழவனை மேன்மைப்படுத்துவதாகச் சொல்லிக்கொண்ட பல பாட்டுகளைவிட உழவனுக்கு நெருக்கமானது. அவர் 1975இல் மறைந்தார். ‘வேளாண்மை’ 1982இல்தான் நூலாயிற்று.

அதன் பின் என்ன நடந்தது என்பதை மறைத்துவிட்டுக் கலையின் வெற்றியைப் பாட நான் விரும்பவில்லை. 1985இலும் 1990இலும் இக்கரையிலே தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரை ஒருவர் இழந்தனர். வீடுகள் எரிந்தன, பள்ளிவாசலிலே தொழுதவரும் கோயிலிலே தஞ்சம் புகுந்தவரும் கொல்லப்பட்டனர். ஒரே கவியரங்கிலே கைதட்டியவர்களின் பிள்ளைகள் ஒருவர் ஊருக்கு ஒருவர் போக அஞ்சினர். கவிதை துப்பாக்கியை நிறுத்தவில்லை. இதைவிடக் கடினமான உண்மை ஒன்றும் உண்டு. அக்காலத்தின் எழுச்சிப் பாடல்களும் கலையே. அவை உள்ளத்தை அசைத்தன. பல்லாயிரம் இளைஞரை வீட்டை விட்டு அழைத்துச் சென்றன. இளிவரலை வெகுளியாக்கும் ஆற்றல் அவற்றுக்கு நிறையவே இருந்தது. கலை சமுதாயத்தை அசைக்க வல்லதா என்று ஐயுறுவோர் அப்பாடல்களை நினைவுகூரட்டும். தொல்காப்பியர் வெகுளியின் நிலைக்களத்தைச் சொன்னார். அது யார் மேல் பாய வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியது அறம். கொடுமை செய்தவனை விட்டு, அவன் மொழி பேசாத, அவன் மதமும் சாராத பக்கத்து வீட்டுக்காரன் மேல் வெகுளியைத் திருப்பிவிடும் கலையும் அழகாக இருக்கக்கூடும். அழகு அதற்குத் தடையாக நிற்காது.

ஆதலால், எந்தக் கலை சினத்தை எழுப்பிற்று என்று மட்டும் கேட்பது போதாது. அச்சினத்தினுள்ளே பிறனைப் பார்க்கும் கண்ணையும் அது வைத்ததா என்று கேட்க வேண்டும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது, அதன் துயரத்தை வெகுளியாக வடித்த கவிதைகளுள் யாவரும் அறிந்தது கல்முனைக் கரையைச் சேர்ந்த நுஃமானுடையது. அதிலே கொல்லப்படுபவர் புத்தரே. குற்றவாளிகளை ஓர் இனமாகக் காணாது, அவர்கள் எதைக் கொன்றனர் என்பதை அவர்களுக்கே காட்டும் அமைப்பு அது. அதே ஆண்டில் அவர் பலஸ்தீனக் கவிதைகளைத் தமிழாக்கி நூலாக்கினார். எங்கோ வாழும் மக்களின் இழப்பு ஈழத்துக் கவிஞருக்குத் தம் இழப்பைச் சொல்லும் மொழியாயிற்று. கல்முனைச் சோலைக்கிளியின் ‘எட்டாவது நரகம்’ 1988இல் வந்தது. அச்சத்தை அத்துணை விசித்திரமான படிமங்களாக்கியவர் வேறு யாரும் அப்போது இல்லை. ஒரு சாராரின் அச்சம் என்று பிரித்து வைக்கமுடியாதபடி அவை அமைந்தன. இவை எந்தப் படுகொலையையும் தடுக்கவில்லைதான். ஆனால், போர் ஓய்ந்த பின் இரு சாராரும் ஒரே வகுப்பறையிலே வைத்துப் பேசத்தக்கவையாக எஞ்சியவை இவையும் இவை போன்றவையும்தாம். எழுச்சிப் பாடல்களை அவ்வாறு பேசமுடியாது.

ஒரு வகுப்பிலே, பாடத்திட்டத்துக்குப் புறம்பாக, ‘வேளாண்மை’யின் சில பகுதிகளை வாசித்தேன். மாணவர்கள் முதலிலே சிரித்தனர். தங்கள் வீட்டு அடுப்படியிலே பேசும் சொற்கள் அச்சிலே ஏறியிருப்பது அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. தம் பேச்சு தாழ்ந்தது என்று நாமே அவர்களுக்குக் கற்பித்திருக்கிறோம். கட்டுரைப் பயிற்சியிலே சிவப்பு மையால் அடிப்பவை பெரும்பாலும் அச்சொற்களே. சிரிப்பு அடங்கிய பின், பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, “சேர், விளைஞ்ச நெல்லு எல்லாம் ஆருக்குப் போகும்?” என்று கேட்டாள். பாட்டிலே அதற்கு விடை தேடுவதா, வெளியிலே தேடுவதா என்று நான் எண்ணிக்கொண்டிருக்கும்போதே மற்றொருவன், தன் வாப்பாவின் வாப்பா போடியார் ஒருவரின் வயலிலே முல்லைக்காரராக இருந்தவர் என்றும், அவருக்குக் கிடைத்தது எத்தனை மூட்டை என்பது உம்மாவுக்குத் தெரியும் என்றும் சொன்னான். அதைச் சொல்வதில் அவனுக்குக் கூச்சம் இருக்கவில்லை. கேட்ட மாணவி தன் அப்பாவின் இன்றைய நாட்கூலியைச் சொன்னாள். நான் கரும்பலகையிலே 1958 என்று எழுதி, பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் குத்தகை உழவனுக்கு எதைத் தர முயன்றது, காணிக்காரர் அதை எவ்வாறெல்லாம் தட்டிக் கழித்தனர் என்று விளக்கத் தொடங்கினேன். இடையிலே ஒருவன் மூட்டைக்கணக்கை நிறைக்கணக்காக்க முயன்று தவறினான், மூவர் திருத்தினர். மணி அடித்த பின்பும் பேச்சு ஓயவில்லை. அடுத்த பாடத்துக்கு வந்த கணித ஆசிரியர் வாசலிலே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.